பள்ளி ஆசிரியராக இருந்து மாகாண முதல்வரானவர்: சஸ்காச்சுவானின் வுட்ரோ லாய்ட்

கேட்கப்பட்ட கேள்வி இது: தேசிய அரசியலுக்குப் போகாமல், கிராமப்புறத் தொகுதி ஒன்றிலிருந்து மாகாணச் சட்டமன்றத்துக்கு மட்டுமே போய்வந்த ஓர் அரசியல்வாதி, நாடு முழுவதையும் மாற்றும் காரியம் எதையாவது செய்திருக்கிறாரா? அப்படி ஒருவருடைய வாழ்க்கையைச் சொல்ல முடியுமா?

செய்திருக்கிறார். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தைச் சேர்ந்த வுட்ரோ லாய்ட். பெயரைக் கேள்விப்படாதவர்களே அதிகம் இருப்பார்கள். கனடாவின் பொது மருத்துவக் காப்பீடு என்றதும் எல்லோரும், லாய்டுக்கு முன் அதே மாகாணத்தின் முதல்வராக இருந்த டாமி டக்ளஸைச் சொல்வார்கள். டக்ளஸ் பெரிய மனிதர், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தத் திட்டம் பிழைக்குமா செத்துவிடுமா என்றிருந்த 1962 ஜூலையில் முதல்வர் நாற்காலியில் இருந்தவர் டக்ளஸ் அல்லர், லாய்ட். இன்று டொராண்டோவில் வாழும் நம் ஈழத்து உறவுகள் மருத்துவரிடம் போய் அட்டையை நீட்டிவிட்டுக் கட்டணம் இல்லாமல் திரும்புகிறார்கள் என்றால், அந்த வசதியின் வேர் அந்த மாதத்தில் இருக்கிறது. அதனால் இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் மாகாணம் என்றால் அங்கே என்ன பொருள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். கனடாவின் 1867ஆம் ஆண்டு அரசியல் சட்டப்படி கல்வியும் மருத்துவமனைகளும் மாகாணங்களின் பொறுப்பு. ஒட்டாவாவில் இருக்கும் மத்திய அரசு நிதி கொடுக்கலாம், நிபந்தனை போடலாம். பள்ளிக்கூடத்தையும் மருத்துவமனையையும் நடத்துவது மாகாணம்தான். ஆகவே ஒரு மாகாண அமைச்சர் நினைத்தால் சாதாரண மக்களின் அன்றாட வாழ்க்கையைத் தொட முடியும். லாய்டின் வாழ்க்கை முழுவதும் இந்த இரண்டு துறைகளைச் சுற்றித்தான் ஓடியது.

அவர் பிறந்தது 1913இல், மாகாணத்தின் தென்மேற்கில் ஸ்விஃப்ட் கரண்ட் நகரத்தை அடுத்த வெப் என்ற சிற்றூர்ப் பக்கம். மரமே இல்லாத புல்வெளிச் சமவெளி. 1905இல்தான் சஸ்காச்சுவான் ஒரு மாகாணமாகவே உருவானது. அரசிடம் நிலம் பெற்று, மண்ணைக் கீறி, கோதுமை விதைத்துக் குடியேறிய குடும்பங்களில் ஒன்று அவருடையது. அந்த நிலத்தில் மழை பொய்த்தால் வேறு போக்கிடம் கிடையாது. 1930களில் மழையும் பொய்த்தது, உலகச் சந்தையில் கோதுமை விலையும் சரிந்தது. மேல்மண் காற்றோடு போய், பகலிலேயே வானம் இருண்ட ஆண்டுகள் அவை.

அந்த ஆண்டுகளில்தான் லாய்ட் கிராமத்துப் பள்ளி ஆசிரியரானார். ஊர் மக்கள் கட்டும் நிலவரியில்தான் பள்ளி நடந்தது. விளைச்சல் இல்லை என்றால் வரி இல்லை, வரி இல்லை என்றால் ஆசிரியருக்குச் சம்பளம் இல்லை. பணத்துக்குப் பதிலாக, பிறகு தருகிறோம் என்று எழுதிய கடன் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு பாடம் நடத்தியவர்கள் அந்த மாகாணத்தில் ஏராளம். பல பள்ளிகளில் ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளும் அந்த ஓர் அறைக்குள். பணியில் இருந்தபடியே லாய்ட் பல்கலைக்கழகப் பட்டத்தைப் படித்து முடித்தார். பிறகு பிகர் என்ற ரயில்வே ஊரில் தலைமையாசிரியரானார். 1940இல் மாகாண ஆசிரியர் கூட்டமைப்பின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வயது அப்போது முப்பதைத் தொடவில்லை.

இந்த இடத்தை அவசரமாகக் கடந்துவிடக் கூடாது என்பது என் கருத்து. கிராமத்திலிருந்து அரசியலுக்கு வருகிறவர்கள் பல வழிகளில் வருகிறார்கள். நிலம் இருப்பதால் வருகிறவர் உண்டு, சாதிசனத்தின் செல்வாக்கால் வருகிறவர் உண்டு, கட்சித் தலைவரின் கடைக்கண் பார்வையால் வருகிறவர் உண்டு. லாய்ட் வந்த வழி தொழிற்சங்க வழி. சம்பளம் வராத ஆசிரியர்களின் மனுக்களைப் படித்து, மாவட்டம் மாவட்டமாகப் போய்க் கூட்டம் நடத்தி, அரசு அதிகாரிகளோடு வரவு செலவுக் கணக்கை வைத்துப் பேசிப் பழகியவர் அவர். மேடையில் கூட்டத்தைக் கட்டிப்போடும் பேச்சு அவருக்குக் கிடையாது. அளந்து பேசுவார், நிறையப் படிப்பார், புதியவர்களிடம் எளிதில் ஒட்டமாட்டார். டக்ளஸ் கதை சொல்லிச் சிரிக்கவைத்து வாக்கு வாங்குகிறவர். இருவரும் ஒரே கட்சியில் எப்படிச் சேர்ந்து வேலை செய்தார்கள் என்று வியக்கத் தோன்றும். ஆனால் இருவருக்கும் ஒருவர் மற்றவர் தேவைப்பட்டார்.

1944 ஜூன் தேர்தலில் கூட்டுறவு காமன்வெல்த் கூட்டமைப்பு, சுருக்கமாக சி.சி.எஃப்., 52 இடங்களில் 47இல் வென்றது. வட அமெரிக்காவில் ஆட்சிக்கு வந்த முதல் சோஷலிசக் கட்சி அதுதான். விவசாயிகள், கூட்டுறவுச் சங்கத்தார், ஆசிரியர்கள், ரயில்வே தொழிலாளர்கள் சேர்ந்து வளர்த்த கட்சி. பிகர் தொகுதியில் வென்ற லாய்டை டக்ளஸ் கல்வி அமைச்சராக்கினார். அமைச்சரவையிலேயே இளையவர் அவர். அந்தத் துறையில் 16 ஆண்டுகள், 1960 வரை தொடர்ந்து இருந்தார்.

கல்வி அமைச்சராக அவர் தொட்ட முதல் காரியமே ஊர்களின் எதிர்ப்பைச் சம்பாதிக்கக்கூடியது. மாகாணத்தில் அப்போது ஏறத்தாழ 5,000 பள்ளி வட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஊர்க்காரர்களே அடங்கிய ஒரு குழு, தனி வரி, தனி ஆசிரியர். மழை பெய்த ஊரில் நல்ல பள்ளி, பெய்யாத ஊரில் மூடிய பள்ளி. இவற்றைச் சுமார் 60 பெரிய வட்டங்களாக இணைத்து, வரியைப் பகிர்ந்து, ஆசிரியருக்கு நிலையான சம்பளம் கொடுத்து, உயர்நிலைப் பள்ளிகளைக் கட்ட வேண்டும் என்பது திட்டம். காகிதத்தில் பார்த்தால் யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் அந்த ஒற்றையறைப் பள்ளிதான் ஊரின் கூடம், வாக்குச்சாவடி, கிறிஸ்துமஸ் நாடகம் நடக்கும் அரங்கு எல்லாம். அதை எடுத்துக்கொண்டால் ஊரே கரைந்துவிடும் என்று மக்கள் பயந்தார்கள். அந்தப் பயம் வீணானது என்று என்னால் சொல்ல முடியவில்லை. பள்ளி போன பிறகு பல சிற்றூர்கள் மெல்ல வெறிச்சோடின. பெரிய டிராக்டர்களும் பெரிய பண்ணைகளும் வந்ததும் அதற்குக் காரணம், பள்ளி இணைப்பும் அதில் ஒரு பங்கு வகித்தது.

லாய்ட் சட்டத்தைத் திணிக்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. எதிர்ப்பு வலுவாக இருந்த பகுதிகள் வாக்கெடுப்பு கேட்க வழி வைத்தார். கூட்டங்களுக்கு நேரில் போனார். ஆண்டுக்கணக்கில் பொறுத்தார். அவசரப்படாமலும் பின்வாங்காமலும் ஒரு வேலையை முடிக்கும் அந்தப் பழக்கம் அங்கே உருவானது. பிறகு மருத்துவர்கள் விவகாரத்தில் அவரைக் காப்பாற்றியது அதுதான் என்று நான் நினைக்கிறேன். அவருடைய காலத்தில்தான் 1948இல் மாகாணக் கலை வாரியமும் அமைந்தது. கோதுமை மாகாணத்தில் கலைக்கு அரசு வாரியம் என்பது வட அமெரிக்காவிலேயே முதல் முயற்சி.

இனி மருத்துவம். இந்தக் கதை அரசியல் கட்சியில் தொடங்கவில்லை, கிராமத்தில் தொடங்கியது. முதல் உலகப்போர்க் காலத்திலேயே சஸ்காச்சுவானின் கிராம நகராட்சிகள் வரிப்பணத்தில் மருத்துவரை மாதச் சம்பளத்துக்கு வைக்க ஆரம்பித்துவிட்டன. ஊருக்கு மருத்துவர் வந்து நிலைக்க வேண்டும் என்றால் வேறு வழியே இருக்கவில்லை. பக்கத்துப் பக்கத்து ஊர்கள் சேர்ந்து மருத்துவமனை கட்டின. காசநோய்க்கு 1929 முதல் இலவச சிகிச்சை. 1946இல் ஸ்விஃப்ட் கரண்ட் வட்டாரம், அதாவது லாய்ட் பிறந்த பகுதி, தன் மக்கள் அனைவருக்கும் மருத்துவர் கட்டணத்தையும் மருத்துவமனைச் செலவையும் ஏற்கும் திட்டத்தைத் தொடங்கியது. 1947 ஜனவரி 1 முதல் மாகாணம் முழுவதற்கும் மருத்துவமனைக் காப்பீடு வந்தது. எஞ்சியிருந்தது மருத்துவருக்குக் கொடுக்கும் கட்டணம் மட்டுமே. பணம் போதாததால் அது பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்தது. 1958இல் மத்திய அரசு மருத்துவமனைச் செலவில் பங்கேற்கத் தொடங்கியபின் மாகாணத்தின் கையில் கொஞ்சம் பணம் மிஞ்சியது. 1959 டிசம்பரில் டக்ளஸ் வானொலியில் திட்டத்தை அறிவித்தார். 1960 தேர்தலே அதை முன்வைத்துத்தான் நடந்தது, சி.சி.எஃப். வென்றது.

பிறகு டக்ளஸ் கிளம்பிவிட்டார். சி.சி.எஃப். கட்சியிலிருந்து புதிதாக உருவான புதிய ஜனநாயகக் கட்சியின் தேசியத் தலைவராக அவரை 1961இல் தேர்ந்தெடுத்தார்கள். அந்த நவம்பர் தொடக்கத்தில் மாகாணக் கட்சி லாய்டைத் தலைவராக்கியது. 7ஆம் தேதி அவர் முதல்வரானார். மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் 17ஆம் தேதி நிறைவேறியது. ஆக, பதவிக்கு வந்த பத்தே நாளில் அந்தச் சுமை முழுவதும் அவர் தோளுக்கு வந்துவிட்டது.

சட்டம் சொன்னது எளிமையானது. தனி ஆளுக்கு ஆண்டுக்கு 12 டாலர், குடும்பத்துக்கு 24 டாலர். மீதியை வரியிலிருந்து அரசு போடும். யார் மருத்துவரிடம் போனாலும் கட்டணத்தை ஓர் ஆணையம் செலுத்தும். எல்லோரும் கட்டாயம் சேர வேண்டும். மருத்துவர்கள் எதிர்த்தது இந்தக் கட்டாயத்தையும், பணம் அரசின் கை வழியாக வருவதையும். தாங்கள் ஏற்கெனவே நடத்திவந்த தனியார் காப்பீட்டுத் திட்டங்கள் போதும், கட்ட முடியாத ஏழைகளுக்கு மட்டும் அரசு உதவட்டும் என்றார்கள். அரசு ஊழியர்களாகத் தங்களை மாற்றிவிடுவார்கள் என்ற அச்சம் அவர்களில் பலருக்கு உண்மையாகவே இருந்தது. பிரிட்டனில் அரசு மருத்துவச் சேவை வந்ததும் அதை விட்டு வெளியேறிக் கனடா வந்த மருத்துவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

பிரச்சினையை முற்றவைத்த ஓர் அமைப்புக் கோளாறும் உண்டு. சஸ்காச்சுவானில் அப்போது மருத்துவர்களுக்கு உரிமம் வழங்கும் குழுவும் அவர்களுடைய நலனுக்காக வாதாடும் சங்கமும் ஒன்றாகவே இருந்தன. மருத்துவர் கல்லூரி என்று பெயர், ஆனால் பாடம் நடத்தும் கல்லூரி அல்ல. பொதுமக்களைப் பாதுகாக்க வேண்டிய அதிகாரமும் உறுப்பினர்களின் வருமானத்தைப் பாதுகாக்கும் கடமையும் ஒரே கையில் இருந்தால் நெருக்கடி நேரத்தில் எது வெல்லும் என்பது 1962இல் தெரிந்தது.

ஏப்ரலில் தொடங்க வேண்டிய திட்டத்தை லாய்ட் ஜூலை 1க்குத் தள்ளிப்போட்டார். மே 3ஆம் தேதி மாகாணத் தலைநகர் ரெஜைனாவில் மருத்துவர்களின் கூட்டத்துக்கு அவரே போய்ப் பேசினார். நூற்றுக்கணக்கான மருத்துவர்கள் நிரம்பிய அரங்கு. அவர் விளக்கினார், பேசித் தீர்க்கலாம் என்றார். கூட்டம் ஏளனக் குரல் எழுப்பியது. இந்தச் சட்டத்தின் கீழ் வேலை செய்ய மறுப்பவர்கள் எழுந்து நில்லுங்கள் என்று தலைவர் கேட்டபோது ஏறக்குறைய அரங்கமே எழுந்தது. ஒரு முதல்வர் எதிரிகளின் கூட்டத்துக்குத் தனியாகப் போய் அவமானப்பட்டுத் திரும்புவது அரசியல் கணக்கில் தோல்வி என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேசிப் பார்க்கவே இல்லை என்று பிறகு யாரும் அவரைச் சொல்ல முடியாமல் போனது.

சுற்றிலும் எல்லாம் சரிந்துகொண்டிருந்தது. கட்சியின் முக்கியப் புள்ளி ஒருவர் பிப்ரவரியில் எதிர்க்கட்சியான லிபரல் கட்சிக்குத் தாவினார். முந்தைய சுகாதார அமைச்சரே மே மாதத்தில் கட்சியை விட்டு வெளியேறினார். ஜூன் 18 மத்தியத் தேர்தலில் ரெஜைனா தொகுதியில் டக்ளஸே தோற்றார். மாகாணத்தின் பெரிய நாளிதழ்கள் அரசுக்கு எதிராக எழுதின. ‘நம் மருத்துவர்களைக் காப்போம்’ என்ற பெயரில் ஊர் ஊராகக் குழுக்கள் முளைத்தன. பிள்ளை பெற வேண்டிய நாளில் மருத்துவர் இருக்கமாட்டாரோ என்று பயந்த தாய்மார்கள் அந்தக் குழுக்களில் நிறைய இருந்தார்கள். அவர்களை யாரும் குறை சொல்ல முடியாது.

ஜூலை 1ஆம் தேதி மருத்துவர்கள் தாங்கள் நோயாளிகளைப் பார்க்கும் அறைகளின் கதவுகளைச் சாத்தினார்கள். அவசர சிகிச்சைக்கு மட்டும் சில மருத்துவமனைகளில் ஏற்பாடு இருந்தது. முதல் நாளிலேயே, மருத்துவரைத் தேடி ஊர் ஊராகக் காரில் அலைந்த ஒரு குடும்பத்தின் கைக்குழந்தை இறந்தது. அந்தச் சாவுக்கு இரு தரப்பும் ஒருவரை ஒருவர் காட்டினார்கள். லாய்டின் மனத்தில் அது எவ்வளவு கனத்திருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம் மேலிடுகிறது. கிராமத்தில் மருத்துவர் இல்லாத கொடுமைக்கு முடிவு கட்டத்தான் அந்தச் சட்டமே வந்தது.

அடுத்த 23 நாட்களில் அவர் செய்தவற்றை விடச் செய்யாதவை முக்கியமானவை. சட்டத்தைத் திரும்பப் பெறவில்லை. மருத்துவர்கள் மீது வழக்குப் போடவில்லை. அவர்களைத் துரோகிகள் என்று திட்டவில்லை. எதிர்க்கட்சித் தலைவர் ராஸ் தாட்சர் உடனே சட்டமன்றத்தைக் கூட்டு என்று கேட்டு, பூட்டியிருந்த அவைக் கதவைப் படக்காரர்கள் முன்னிலையில் எட்டி உதைத்தபோதும் லாய்ட் அசையவில்லை. அதே சமயம் பிரிட்டனிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் மருத்துவர்களை வரவழைக்கும் வேலை நடந்தது. மக்கள் கூட்டுறவு முறையில் சாஸ்கடூன் முதலான இடங்களில் தாங்களே சமூக மருத்துவமனைகளைத் திறந்தார்கள். கோதுமைக் கூட்டுறவு நடத்திப் பழகிய மக்கள் அல்லவா. திட்டத்தை ஆதரித்து அங்கே வேலைக்கு வந்த மருத்துவர்களைச் சக மருத்துவர்கள் ஒதுக்கிவைத்தார்கள். அந்தத் துணிச்சல்காரர்களின் பங்கு பெரும்பாலும் பேசப்படாமலே போய்விட்டது.

ஜூலை 11ஆம் தேதி ரெஜைனாவில் சட்டமன்றத்தின் முன் மாபெரும் பேரணி என்று அறிவித்திருந்தார்கள். பல பத்தாயிரம் பேர் வருவார்கள் என்ற எதிர்பார்ப்பு. வந்தது சில ஆயிரம் பேர்தான். காற்று திரும்பியது அன்றுதான். கனடாவுக்கு வெளியே இருந்த பத்திரிகைகளும் மருத்துவர்களைக் கண்டித்து எழுத ஆரம்பித்தன.

பிரிட்டனிலிருந்து ஸ்டீபன் டெய்லர் பிரபு வந்தார். அவரே மருத்துவர், தொழிற்கட்சிக்காரர், பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை உருவானதை உள்ளிருந்து பார்த்தவர். மருத்துவர்களும் அமைச்சர்களும் ஒரே மேசையில் உட்கார முடியாத நிலை. இரு தரப்புக்கும் இடையே அவரே நடந்து நடந்து பேசினார். கூலியாகப் பணம் வேண்டாம், மீன் பிடிக்க ஒரு பயணம் போதும் என்றவர் அவர். ஜூலை 23ஆம் தேதி சாஸ்கடூன் ஒப்பந்தம் கையெழுத்தானது. மருத்துவர்கள் விரும்பினால் திட்டத்துக்கு வெளியே தொழில் செய்யலாம். அவர்களுடைய பழைய காப்பீட்டு அமைப்புகள் கட்டணச் சீட்டை ஆணையத்துக்கு அனுப்பும் அஞ்சல்பெட்டியாகத் தொடரலாம். ஆணையத்தில் மருத்துவர்களுக்கு இடம் கூடும். இவற்றையெல்லாம் லாய்ட் விட்டுக்கொடுத்தார். எல்லோருக்கும் காப்பீடு, பணத்தைக் கொடுப்பது பொது அமைப்பு என்ற இரண்டை மட்டும் விடவில்லை. விட்டது எவை, பிடித்தது எவை என்று பார்த்தால்தான் அவருடைய அரசியல் அறிவு தெரியும். நாளடைவில், காத்திருக்காமல் முழுக் கட்டணமும் கைக்கு வருவதைக் கண்ட மருத்துவர்கள் திட்டத்தின் பக்கமே வந்துவிட்டார்கள்.

அதற்குக் கிடைத்த பரிசு தோல்வி. 1964 ஏப்ரலில் இரு கட்சிகளும் ஏறக்குறைய சமமாகவே வாக்கு வாங்கியும், இடங்களில் லிபரல் முந்தியது. இருபது ஆண்டு ஆட்சி முடிந்தது. ஆனால் கதவை உதைத்த அதே தாட்சர் முதல்வரானதும் காப்பீட்டை ஒழிக்கவில்லை, ஒழித்திருக்கவும் முடியாது. அதே 1964இல், சஸ்காச்சுவானைச் சேர்ந்த நீதிபதி எமட் ஹால் தலைமையிலான அரச ஆணையம் நாடு முழுவதற்கும் இதே மாதிரித் திட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்த ஆணையத்தை அமைத்தது கன்சர்வேட்டிவ் பிரதமர் டீஃபன்பேக்கர் அரசு. 1966இல் மத்தியச் சட்டம் வந்தது. 1970களின் தொடக்கத்துக்குள் எல்லா மாகாணங்களும் சேர்ந்துவிட்டன.

லாய்ட் எதிர்க்கட்சித் தலைவராக நீடித்தார், 1967 தேர்தலிலும் தோற்றார். 1968இல் தாட்சர் அரசு மருத்துவமனையில் தங்குவதற்கும் மருத்துவரைப் பார்ப்பதற்கும் நோயாளியிடம் தனிக் கட்டணம் வாங்க ஆரம்பித்ததை அவர் கடுமையாக எதிர்த்தார். ஏழைகளும் முதியவர்களும்தான் அதனால் மருத்துவரிடம் போகாமல் தயங்குவார்கள் என்பது அவருடைய வாதம். 1969இல் கட்சிக்குள் இளைஞர்களும் பேராசிரியர்களும் இன்னும் இடதுசாரியான ஓர் அறிக்கையைக் கொண்டுவந்தபோது, கட்சிப் பெரியவர்கள் எதிர்த்தும் லாய்ட் அதற்கு அனுதாபம் காட்டினார். சட்டமன்ற உறுப்பினர்களுக்கு அது பிடிக்கவில்லை. 1970இல் தலைமையை விட்டு விலகினார். முதுமையில் பழமைவாதியாகச் சாயும் தலைவர்கள் பலரைப் பார்த்த நமக்கு, இவர் இளையவர்களின் பக்கம் சாய்ந்தது மதிப்புக்குரியதாகத் தெரிகிறது.

பிறகு ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் பிரதிநிதியாகத் தென்கொரியா போனார். 1972 ஏப்ரலில் சியோலில் இறந்தார். வயது 58.

டக்ளஸா லாய்டா என்ற கேள்விக்கு வருகிறேன், இதைக் கேட்பவர்கள் எப்போதும் உண்டு. கருத்தை மக்களிடம் கொண்டுபோய் வாக்கு வாங்கித் தந்தது டக்ளஸ். அவர் இல்லாவிட்டால் சட்டமே வந்திருக்காது. ஆனால் சட்டம் வருவது வேறு, அது நடைமுறைக்கு வருவது வேறு. மூன்று வாரம் மருத்துவர் இல்லாத ஒரு மாகாணத்தில், பத்திரிகைகளும் பணக்காரர்களும் எதிராக நிற்க, சொந்தக் கட்சியிலிருந்தே ஆட்கள் ஓட, நிதானம் இழக்காமல் நின்றது லாய்ட். 2004இல் நாடு தழுவிய தொலைக்காட்சி வாக்கெடுப்பில் டக்ளஸை மிகச் சிறந்த கனடியராகத் தேர்ந்தெடுத்தார்கள், அது தகும். அதே காரியத்துக்காக லாய்டின் பெயரும் பாடப்புத்தகங்களில் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

லாய்டின் அமைச்சரவையில் 1962 செப்டம்பரில் சுகாதார அமைச்சராகி, அந்தப் புதிய திட்டத்தை ஓடவைத்த இளம் வழக்கறிஞர் ஆலன் பிளேக்னி. லாய்டுக்குப் பிறகு கட்சித் தலைமையும் அவரிடமே போனது. 1971 தேர்தலில் பெரும்பான்மையோடு ஆட்சியைப் பிடித்த பிளேக்னி, லாய்ட் எதிர்த்துவந்த அந்த நோயாளிக் கட்டணத்தை உடனே ரத்து செய்தார். லாய்ட் அப்போது உயிரோடுதான் இருந்தார்.